தபால் பெட்டிக்கும் ஒரு பூட்டு

நம் வீடுகளில் பூட்டுக்குப் பஞ்சமே கிடையாது. வாசற்கதவுக்கு ஒரு பூட்டு, கேட்டுக்கு ஒரு பூட்டு, பீரோவுக்கு ஒன்று, பீரோவுக்குள் இருக்கும் சின்ன அறைக்கு இன்னொன்று. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் சதங்கை கட்டியது போல் சத்தம் கேட்கும்! ஆனால் கேட்டில் தொங்குகிறதே தபால் பெட்டி, அதைச் சற்றுப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்து எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. மழைக்குப் பயந்து யாரோ ஒரு பழைய துணியை அதன் வாயில் திணித்திருக்கிறார்கள். இரண்டு விரலை விட்டால் போதும், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

"இருந்துவிட்டுப் போகட்டுமே! இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள்?" என்பீர்கள். வாஸ்தவந்தான். முன்பெல்லாம் பெட்டியில் பத்துக் கடிதம் வந்தால் அதில் ஒன்பது "நலம், நலமறிய அவா" என்று ஆரம்பிக்கும். திருடனுக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. இப்போது மாதத்துக்கு நாலு உறைதான் வருகிறது. அந்த நாலும் பணத்தோடு சம்பந்தப்பட்டவை. பாங்கிலிருந்து புதிய செக் புத்தகம், ஏ.டி.எம். கார்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடிதம், எப்போதாவது எவரோ நமக்கு அனுப்பும் ஒரு செக். ஆகவே, பெட்டிக்கு வரும் தபால் குறைந்திருக்கிறதே தவிர, அதன் மதிப்புக் குறையவில்லை.

அந்தப் பெட்டியிலிருந்து செக் களவு போனால் வீட்டில் என்ன நடக்கும், நஷ்டம் யாரைச் சேரும், உடனே என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கேட்கக்கூடிய அளவுக்குத்தான் சட்டம் வரும்.

* * *

கோவில்பதாகையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஆவடிக்குப் பக்கத்தில், ஏரியும் சுந்தரராஜப் பெருமாள் கோவிலும் உள்ள ஊர். இப்போது ஆவடி மாநகராட்சியில் சேர்ந்தது. மாமனார், 1960-களில் விஜயந்தா டாங்கிகளைச் செய்யத் தொடங்கிய அந்தக் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் உத்தியோகம். மருமகள் வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொள்கிறாள்.

மாமனாரின் செக் புத்தகம் தீர்ந்துபோயிற்று. புதியது கேட்டார். "அனுப்பிவிட்டோம்" என்று பாங்கிலிருந்து டெலிபோனில் செய்தி வந்தது. பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று. "வரும், வரும்" என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் வேறொரு செய்தி வருகிறது. அவருடைய கணக்கிலிருந்து 48,500 ரூபாய் செக் மூலம் எடுக்கப்பட்டிருக்கிறதாம்! அவரோ மூன்று மாதமாக ஒரு செக்கிலும் கையெழுத்துப் போடவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடப்பதை நான் சொல்லாமலே நீங்கள் ஊகிக்கலாம்.

"கேட்டை யார் திறந்து போட்டது?" என்கிறான் மகன்.

"ஏம்மா, தபால்காரர் வந்ததை நீ பார்க்கவே இல்லையா?" என்கிறாள் மாமியார்.

"இல்லை அத்தை. நான் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவரப் போயிருந்தேன்."

"நீ வீட்டில்தானே இருக்கிறாய்? இதைக்கூடக் கவனிக்க முடியாதா?"

பிறகு சந்தேகம் வாசல் தாண்டுகிறது. ஆறு வருஷமாகப் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளை ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் வரவில்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தினால் உள்ளேயிருந்து முறைத்த பார்வை. மாமனாரோ ஈஸிசேரில் சாய்ந்தபடி, "அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று வைத்திருந்தேன்" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

திருடன் எடுத்தது 48,500 ரூபாய். அதோடு ஒரு மருமகளின் நிம்மதி, ஒரு வேலைக்காரியின் மானம், ஒரு முதியவரின் தைரியம் இவையும் போயின. இவற்றை அவன் திருடவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டார் தாங்களே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். "யாருடைய தப்பு?" என்று வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பாங்குக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

* * *

"இதெல்லாம் நம் ஊர் ஒழுங்கீனம். வெளிநாட்டில் இப்படி நடக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்தால் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். அங்கே வாடகை, பள்ளிச் சம்பளம் என்று இன்னமும் செக் எழுதித் தபாலில் போடுகிற வழக்கம் இருக்கிறது. செக் மோசடி என்று சந்தேகித்து அமெரிக்க பாங்குகள் சர்க்காருக்கு அனுப்பிய புகார்கள் 2021-ல் 3,50,000-க்கு மேல். மறு வருஷமே அது 6,80,000-ஐத் தாண்டியது. 2023 பிப்ரவரி மாதக் கடைசியில் அந்நாட்டு நிதி இலாகா, தபாலில் திருடிய செக்குகளால் நடக்கும் மோசடி நாடெங்கும் பெருகிவிட்டதென்று பாங்குகளுக்கு எச்சரிக்கை விட்டது. அதற்கப்புறம் ஆறே மாதத்தில் 15,417 புகார்கள் வந்தன. அவற்றில் சம்பந்தப்பட்ட தொகை 68 கோடி டாலருக்கு மேல்! தபால்காரரைத் தாக்கி, பல பெட்டிகளைத் திறக்கும் ஒரே சாவியைப் பறித்துக்கொண்டு போவதும் அங்கே நடந்திருக்கிறது.

அத்தனை பெரிய தேசத்தில், அத்தனை காவலுக்கு நடுவில் இது நடக்கும்போது, கோவில்பதாகை மருமகள் மத்தியானம் கால் மணி நேரம் பள்ளிக்கூடம் போய்வந்ததால்தான் களவு நடந்தது என்று சொல்வது எவ்வளவு அநியாயம்!

* * *

செக் திருட்டில் மூன்று ரகம் உண்டு. எது நடந்தது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால்தான் யாரிடம் என்ன கேட்பது என்பது விளங்கும்.

முதல் ரகம், வெற்றுச் செக்கைத் திருடி நம் கையெழுத்தைப் போலியாகப் போடுவது. மேலே சொன்ன மாமனாருக்கு நேர்ந்தது இதுதான். இதில் சட்டம் பெரும்பாலும் நம் பக்கம் இருக்கிறது. செக் என்பது, "என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடு" என்று நாம் பாங்குக்கு இடும் கட்டளை. கையெழுத்தே நம்முடையதல்ல என்றால் கட்டளையே இல்லை. கட்டளை இல்லாமல் கொடுத்த பணத்தை நம் கணக்கில் எழுத பாங்குக்கு அதிகாரம் கிடையாது.

இது நானாகச் சொல்வதல்ல. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. பீகாரில் ஒரு கரும்புக் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. அதன் செக்கில் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். 11,000 ரூபாய்க்கான ஒரு செக்கில் இரண்டில் ஒரு கையெழுத்து போலி. பாங்க் பணத்தைக் கொடுத்துவிட்டது. நஷ்டம் பாங்கைத்தான் சேரும் என்று தீர்ப்பாயிற்று. பின்னால், 1987-ல், கனரா பாங்க் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று வந்தது. ஒரு கம்பெனியின் கணக்கரே நிர்வாகியின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 செக்குகளில் மூன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் எடுத்துவிட்டார். "பாஸ் புத்தகம் அவ்வப்போது போய்க்கொண்டுதானே இருந்தது? கம்பெனி அப்போதே ஏன் ஆட்சேபிக்கவில்லை?" என்று பாங்க் தரப்பில் கேட்டார்கள். அந்தக் கேள்வி எடுபடவில்லை. வாடிக்கைக்காரர் கவனிக்காமல் இருந்துவிட்டார் என்பதற்காகப் போலிக் கையெழுத்து நல்ல கையெழுத்து ஆகிவிடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

சகோதரிகளே, இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாங்கில், "நீங்கள்தானம்மா ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வராதீர்கள். "கையெழுத்து எங்களுடையது அல்ல. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பாருங்கள். எழுத்து மூலம் பதில் வேண்டும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

* * *

இரண்டாவது ரகம் கொஞ்சம் பொல்லாதது. நாம் உண்மையாகவே எழுதிக் கையெழுத்திட்ட செக் திருடன் கையில் சிக்குகிறது. அவன் ரசாயனத் திரவத்தால் பெயரையும் தொகையையும் அழித்துவிட்டு, கையெழுத்தை மட்டும் விட்டுவைத்து, வேறு பெயரும் வேறு தொகையும் எழுதுகிறான். கோலத்தை அழித்து வேறு கோலம் போடுவது போலத்தான். சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் மசி இதற்குச் சுலபமாக இடம் கொடுத்துவிடும்.

இங்கே கையெழுத்து நம்முடையது. ஆகவே வழக்கு அவ்வளவு சுலபமில்லை. 1881-ம் வருஷத்திய மாற்றுமுறை ஆவணச் சட்டம், திருத்தம் கண்ணுக்குத் தெரியாதபடி இருந்து, பாங்க் நல்லெண்ணத்தோடு முறைப்படி பணம் கொடுத்திருந்தால் பாங்குக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அதனால்தான் இந்த ரகத்தில் முன்ஜாக்கிரதை அதிகம் வேண்டியிருக்கிறது.

இப்போது செக் காகிதம் ஊர் சுற்றுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எந்த பாங்கில் போடுகிறோமோ அங்கேயே அது நின்றுவிடும்; அதன் படம் மட்டும் நம் பாங்குக்குப் போகும். சென்னையில் 2011-ல் இந்த ஏற்பாடு வந்தது. படத்தில் அடித்தல் திருத்தல் ஏமாற்றக்கூடும் என்பதால், தேதி தவிர வேறெதையும் செக்கில் திருத்தி எழுதக்கூடாது என்று விதி செய்தார்கள். தப்பாக எழுதிவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு செக் எழுத வேண்டியதுதான்.

இன்னொரு காவலும் இருக்கிறது. 2021 ஜனவரி 1-ந் தேதி முதல், 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு "பாஸிட்டிவ் பே" என்று ஒரு முறை ஏற்பட்டது. பெயர்தான் பெரிது, விஷயம் சுலபம். செக் கொடுத்தவுடன், "இன்ன எண், இன்ன தேதி, இன்னாருக்கு, இவ்வளவு தொகை" என்று நாமே பாங்குக்கு முன்கூட்டித் தெரிவித்துவிடுவது. நாம் சொன்னதும் செக்கில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் பாங்க் உஷாராகிவிடும். 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் இதைக் கட்டாயமாக்கவும் பாங்குகளுக்கு இடம் உண்டு. மேலே நம் கதையில் திருடன் ஏன் 48,500 என்று எழுதினான் என்பது இப்போது புரிகிறதல்லவா? அவனும் விதிகளைப் படிக்கிறான்!

* * *

மூன்றாவது ரகம், நமக்கு வர வேண்டிய செக் நம் பெட்டியிலிருந்து மறைந்துபோவது.

1990-களில் கம்பெனிப் பங்குகள் வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். பங்குப் பத்திரங்களும் டிவிடெண்ட் வாரண்டுகளும் தபாலில் காணாமற்போகும். வேறு யாரோ மாற்றிக்கொள்வார்கள். 1996-ல் வந்த சட்டத்தால் பத்திரங்கள் காகிதத்தை விட்டுக் கணக்கேட்டுக்கு மாறியதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். வாரண்டில் பங்குதாரரின் பாங்க் கணக்கு எண்ணையே அச்சடிக்கும் வழக்கமும் இப்படித்தான் வந்தது.

சரி, நமக்கு வந்த செக் வழியில் தொலைந்தால் நஷ்டம் அனுப்பினவருக்கா, நமக்கா? இதற்கு ஒரு லாந்தர் விளக்குக் கதை சொல்கிறேன். அவுந்த் சமஸ்தானத்தில் ஓகலேவாடி என்ற ஊரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை லாந்தர்கள் செய்து இந்திய சர்க்காருக்கு விற்றது. "பணத்தைச் செக்காக அனுப்பிவையுங்கள்" என்று கம்பெனி எழுதியது. சர்க்கார் டில்லியில் செக்கைத் தபாலில் போட்டது. அந்தப் பணம் எந்த ஊரில் கம்பெனியைச் சேர்ந்தது என்பது வருமான வரி வழக்காகி சுப்ரீம் கோர்ட் வரை வந்தது. 1954-ல் கோர்ட் சொன்னது இதுதான்: "தபாலில் அனுப்புங்கள்" என்று பெறுகிறவரே கேட்டிருந்தால், தபாலாபீஸ் அவருடைய ஆள். டில்லியில் தபாலில் சேர்த்தபோதே பணம் கம்பெனியைச் சேர்ந்துவிட்டது. அப்படி அவர் கேட்காதபோது தபாலாபீஸ் அனுப்பினவருடைய ஆள்.

லாந்தர் வழக்கு வருமான வரிக்காக நடந்தது. ஆனால் அதன் வெளிச்சம் நம் கேட்டு வரைக்கும் விழுகிறது. "செக்கைச் சாதாரணத் தபாலில் போட்டுவிடுங்கள், போதும்" என்று டெலிபோனில் சொல்லுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அப்படிச் சொல்வதால் வழியில் ஏற்படும் அபாயம் நம் தலையில் விழலாம். "என் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்" என்று கேட்பது எவ்வளவோ மேல்.

செக் தொலைந்துதான் போயிற்று என்றால், "அந்தச் செக்குக்குப் பணம் கொடுக்காதே" என்று நாம் நேரே அனுப்பினவரின் பாங்குக்கு உத்தரவிட முடியாது. கணக்கு அவருடையது, உத்தரவும் அவர்தான் இட வேண்டும். ஆகவே முதலில் அவருக்குத் தெரிவித்து, அவரைக் கொண்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். பிறகு அதே தொகைக்கு வேறு செக் கேட்க அந்த 1881-ம் வருஷச் சட்டமே நமக்கு உரிமை தருகிறது. பழைய செக் திரும்ப அகப்பட்டால் அவருக்கு நஷ்டம் வராதபடி உறுதி எழுதிக்கொடுக்கச் சொல்லி அவர் கேட்கலாம், அது நியாயந்தான்.

திருடியவன் அந்தச் செக்கை எங்கே மாற்றுவான்? குறுக்கே இரண்டு கோடு போட்டு "அக்கவுண்ட் பேயீ" என்று எழுதியிருந்தால், பெயருக்குரியவரின் கணக்கில்தான் அது சேர வேண்டும். அப்போது அவன் நம் பெயரில் ஒரு கள்ளக் கணக்குத் திறந்தாக வேண்டும். சரியாக விசாரிக்காமல் அப்படிக் கணக்குத் திறந்து கொடுத்த பாங்க், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கைகழுவிவிட முடியாது. நல்லெண்ணமும் வேண்டும், கவனக்குறைவும் இருக்கக்கூடாது என்பது சட்டம். கோடு போடாத செக்கிலோ, "பேரர்" என்ற வார்த்தையை அடிக்காத செக்கிலோ இந்தப் பாதுகாப்பெல்லாம் கிடையாது. கொண்டுபோனவன் கையில் பணம் போய்விடும். இரண்டு கோடு போட எத்தனை நேரம் ஆகும், சொல்லுங்கள்!

* * *

இனி, களவு நடந்துவிட்டால் என்ன செய்வது?

நேரம் முக்கியம். முன்பெல்லாம் ஒரு செக் மாற ஒன்றிரண்டு நாள் ஆகும். 2025 அக்டோபர் 4-ந் தேதி முதல் பாங்குகள் நாள் முழுவதும் தொடர்ந்து செக்குகளைப் பைசல் செய்கின்றன. பணம் நமக்குச் சீக்கிரம் வருவது சந்தோஷந்தான். திருடனுக்கும் அது சீக்கிரம் போய்விடுமே!

ஆகவே, முதலில் பாங்குக்கு டெலிபோன் செய்து, காணாமற்போன செக்குகளின் எண்களைச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். புத்தகமே வந்து சேரவில்லை என்றால் அந்தப் புத்தகம் முழுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். செக்கில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதந்தான் அது செல்லும் என்பது 2012 முதல் உள்ள விதி. ஆனால் வெற்றுச் செக்கில் தேதி எழுதப்போகிறவன் திருடன். அதனால் அந்த விதியை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

அன்றைக்கே ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு நேரில் போங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பாங்கின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை காற்றோடு போய்விடும். முத்திரை போட்ட காகிதம் நிற்கும்.

பிறகு போலீஸ். கோவில்பதாகை போன்ற ஊர்களுக்கு 2022 ஜனவரி முதல் ஆவடியிலேயே போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருக்கிறது. ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் பிரதி இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். செக்கைப் போலியாகத் தயாரிப்பது சாமான்யக் குற்றம் அல்ல. புதிய நியாய சம்ஹிதையின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் இருக்கிறது.

பாங்க் முப்பது நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

* * *

வருமுன் காக்கும் வழிகளும் சில உண்டு.

செக் புத்தகம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்பதில்லை. பாங்கிலேயே நேரில் வாங்கிக்கொள்ள விரும்பினால் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பாங்குகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "கூரியரில் அனுப்புவதால் வரும் நஷ்டம் உங்களைச் சேர்ந்தது" என்று வாடிக்கைக்காரரிடம் எழுதி வாங்குவதும் கூடாது என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் பகலில் ஆள் இல்லாதவர்கள் நேரில் வாங்குவதே உத்தமம்.

புத்தகம் கைக்கு வந்ததும் அங்கேயே தாள்களை எண்ணுங்கள். நடுவில் ஒரு தாளை மட்டும் உருவிவிட்டு உறையைப் பழையபடி ஒட்டிவிட்டால் மாதக்கணக்கில் நமக்குத் தெரியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பாங்கிலிருந்து வாங்கினாலும் எண்ணி வாங்குவதில் வெட்கம் என்ன?

பாங்க் வாசலில் செக் போடும் பெட்டி வைத்திருப்பார்களே, அதுவும் தபால் பெட்டிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான்! அவசரமில்லாத நாளில் கவுண்டரில் கொடுத்து, அடிச்சீட்டில் முத்திரை வாங்குங்கள். கேட்டால் மறுக்கக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. நீங்கள் போட்ட செக் பாங்கின் வழியில் தொலைந்தால், அதை உடனே உங்களுக்குத் தெரிவித்து, மறு செக் வாங்க ஆகும் செலவையும் அவர்களே தர வேண்டும். ஆனால் நீங்கள் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமல்லவா? அந்த முத்திரைதான் அத்தாட்சி.

தபாலில் செக் அனுப்பியே தீர வேண்டும் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபாலை 2025-ல் அதனோடுதான் சேர்த்துவிட்டார்கள். எங்கே போகிறது, யார் வாங்கினார்கள் என்று பார்க்கலாம். எழுதும்போது அழியாத மசி உள்ள பேனாவால் எழுதுங்கள். பெயருக்குப் பின்னும் தொகைக்குப் பின்னும் காலி இடம் விடாமல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தப் பெட்டி. ஆசாரியிடமோ இரும்புக் கடையிலோ சொல்லி, கை நுழையாத குறுகிய வாயும், பின்புறம் பூட்டும் உள்ள பெட்டியாக மாற்றிவிடுங்கள். அடுக்கு மாடி வீடானால், கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் உடைந்தது எது என்று சங்கக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசுங்கள். தினம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒரு பழக்கமாகிவிடட்டும். ஊருக்குப் போனால் எதிர்வீட்டு அம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

* * *

இவ்வளவு செய்தும் சில சமயம் களவு நடந்துவிடும். அப்போது வீட்டில் முதலில் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல வீடுகளில் பெண்களுக்குத்தான் இது முதலில் தெரியவருகிறது. "அவருக்குத் தெரிந்தால் கோபிப்பாரே" என்று இரண்டு நாள் மூடி வைக்கிறார்கள். பென்ஷன் வாங்கும் பாட்டிமார், "பிள்ளைக்குத் தெரிந்தால் இனிமேல் செக் புத்தகத்தையே என்னிடம் கொடுக்கமாட்டான்" என்று மௌனமாக இருந்துவிடுகிறார்கள். தன் கையெழுத்தைத் தானே போட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்தப் பயம் எவ்வளவு பெரிது என்று இளையவர்கள் உணர வேண்டும். அவர்களுக்கு நஷ்டமானது பணம் மட்டும் அல்ல. "இனி நம்மால் முடியாதோ" என்ற எண்ணம் மனத்தில் புகுந்துவிடுகிறது. அந்த எண்ணத்தைப் பலப்படுத்தும் வார்த்தை எதையும் நாம் சொல்லக் கூடாது.

ஏமாந்தவர் குற்றவாளி அல்ல. திருடினவன்தான் குற்றவாளி. அத்தாட்சி இல்லாமல் வேலைக்கு வருகிறவர்களையும் தபால்காரரையும் சந்தேகிப்பதால் போன பணம் திரும்புவதில்லை. நல்ல மனிதர்கள் சிலரை இழப்பதுதான் மிச்சம். விசாரணை போலீஸாருடைய வேலை, அவர்களிடம் விட்டுவிடுங்கள். "யார் பெட்டியைப் பார்க்கவில்லை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "பாங்குக்குச் சொல்லியாயிற்றா? வா, நானும் கூட வருகிறேன்" என்று வீட்டில் ஒருவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டால் பாதிக் கஷ்டம் அப்போதே தீர்ந்துவிடும்.

இன்று சாயங்காலம் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொரு செக் புத்தகத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும், பாங்கின் டெலிபோன் எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். மாமனார், மாமியார், மருமகள், எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியட்டும்.